இடைவேளைப் பாராட்டு

ஆக்லாந்தின் குளிர்காலச் சனிக்கிழமைப் பின்னேரம். உதைபந்தாட்ட இடைவேளையில், மைதானத்தின் நடுவே யசீகரன் 'சிறந்த ரசிகர்' சான்றிதழோடு தூறலில் நிற்கிறார். எதிரணிக்கும் கைதட்டுகிறவர், புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறவர் என்று ஒலிபெருக்கி புகழ்கிறது. அவருடைய பெயரை மட்டும் பாதியில் விழுங்கிவிட்டுச் சிரிக்கிறது. அரங்கமும் சேர்ந்து சிரிக்கிறது. திரும்பி வந்தால், அவருடைய இருக்கையில் யாரோ பியரை ஊற்றியிருக்கிறார்கள். பின்வரிசைக்காரர் எல்லாரும் மும்முரமாக மைதானத்தைப் பார்க்கிறார்கள். மனைவி கிருசாந்தி கைப்பையை எடுக்கிறார்.

"வீட்ட போவமே?"

"இல்லை. முடியும்வரை நிப்பம்."

ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் அவர்களுடைய அணி கோல் போடுகிறது. அரங்கமே எழும்பிக் கத்துகிறது. பின்னாலிருந்து பியர் மணக்கும் கையொன்று சந்தோசத்தில் யசீகரனின் தோளைத் தட்டி அங்கேயே தங்குகிறது. அவர் திரும்பாமலே அதை எடுத்துவிடுகிறார்.