சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஸ்கேன்

சாராளைப் பற்றி மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கக் கிளம்பியபோது எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கம்பெனியின் நன்மைக்காகத்தான் போகிறேன் என்று நானே நம்பிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் கம்பெனி. டெஸ்பாட்ச் ஆபீசில் பில் போடுவது நானும் சாராளும்தான். பக்கத்துப் பக்கத்து மேசை. இந்த வாரக் கடைசியில் எங்களில் ஒருவரை சூப்பர்வைசர் ஆக்கப் போகிறார்கள். அது எனக்குத்தான் என்று திருவாலங்காட்டில் என் மனைவி ஈஸ்வரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சாராளிடம் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். லீவு போட மாட்டாள். பில்லில் தப்பு வராது. எனக்குச் சிக்கியது ஒன்றே ஒன்று, அவளுடைய கம்ப்யூட்டர் போடும் சத்தம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிரைண்டர் மாதிரி ஆரம்பிக்கும். சிபியு மேல் கை வைத்தால் சுடும்.

"பெரிய பேஜாரா இருக்கு சார்," என்றேன் மேனேஜர் வசந்தகுமாரிடம். "மெஷினக்கூட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல அவங்களுக்கு. சூடாகி நின்னுபோச்சுன்னா பில் போட முடியாது. லாரியெல்லாம் கேட்டாண்டயே நிக்கும்."

"சர்வீஸுக்கு ஆளக் கூப்பிடுங்க பூவராகவன்," என்றார்.

மறுநாள் காலை பஜாரிலிருந்து ஸ்டீபன் வந்தார். சிபியுவைக் கழற்றி ப்ளோயர் அடித்தார். ஒரு தலையணைக்குப் போதுமான தூசு வந்தது. ப்ராசசர் மேல் காய்ந்துகிடந்த, சூட்டைத் தணிக்கிற பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினார். ஃபேனையும் மாற்றினார். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது.

"இத்தோட சரியாப்பூடும் சார். எதுக்கும் சாப்ட்டு வந்து ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

நானும் சாப்பிட்டேன். தயிர்சாதம், மாவடு. விடியற்காலையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வருகிறவன் நான். சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டாக் விவரத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். எதையும் ஆழ்ந்து யோசிக்கிற சுபாவம் எனக்கு.

கண்ணைத் திறந்தால் மறுபடி அதே சத்தம். ஸ்டீபன் சாராளின் திரைமுன் குனிந்து நின்றார்.

"இன்னாபா, ரிப்பேர் பண்ணியும் கத்துது?" என்றேன்.

"ஃபேன் மேல தப்பு இல்ல சார். வைரஸ் ஸ்கேன் ஓடினுகீது. அது ஓடுனா ப்ராசசர் சூடாவும், ஃபேன் வேகமா சுத்தும். இதுல அது தானா ஓடாது. யாராவது போட்டாத்தான் ஓடும்."

சொல்லிவிட்டு என்னையும் சாராளையும் மாறி மாறிப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு லட்டு மாதிரி மாட்டியது விஷயம். மேனேஜர் அறைக்குப் போனேன். போனேன் என்ன, ஓடினேன். அறை என்றால் எங்கள் மேசைகளுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான்.

"வேணும்னே பண்றாங்க சார். மெஷின் சூடாச்சுன்னா வேலை செய்யாம உக்காந்துக்கலாம் பாருங்க."

மேனேஜர் சாராளைக் கூப்பிட்டார். "எதுக்கும்மா தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்கேன் போடுற?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "பழக்கமாப்பூடுச்சு சார். இனிமே போடல."

"இனிமே அந்தச் சத்தம் என் காதுல விழக்கூடாது. வேலை நேரத்துல ஒழுங்கா இல்லாதவங்கள நான் சூப்பர்வைசர் ஆக்க மாட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்குப் பக்கோடா வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று ஈஸ்வரி கேட்டாள். நியாயம் ஜெயித்துவிட்டது என்றேன்.

மறுநாள் மதியம் ஆபீஸ் நிசப்தமாக இருந்தது. இப்போதுதான் நிம்மதியாக யோசிக்க முடியும் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திடுக்கிட்டுப் பார்த்தால் சாராள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் நாற்காலி நகர்ந்தது. நேற்றைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் என் காதோரம் குனிந்தாள்.

"சீக்கிரம் எய்ந்திரிங்கண்ணா, சார் வெளிய வராரு. உங்க கொறட்ட அவருக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் இத்தினி நாளா அந்த ஸ்கேனப் போட்டுக்கினு இருந்தேன்."