கடைசி இரண்டு விரல்கள்

அப்பா கோதண்டத்தின் முதலாண்டு நினைவு நாளுக்குக் கவுன்சிலர் தணிகாசலம் கட்டியிருந்த பிளெக்ஸைத் தமயந்தி கிட்டே போய்ப் பார்த்தாள். அதில் அப்பாவைவிடக் கவுன்சிலர்தான் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தலையை எவனோ ஒருவனுடைய உடம்பில் ஒட்டியிருந்தார்கள். புடைத்த மார்பு, கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் நெருப்பு. அப்பாவோ ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் கோவேறு கழுதைகளை மலையேற்றியவர். அவருடைய இடக்கையின் கடைசி இரண்டு விரல்களையும் பனி தின்றுவிட்டது. ஊர் திரும்பியபின் மிஞ்சிய விரல்களால்தான் தினமும் அவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். பிளெக்ஸில் துப்பாக்கியைத் தாங்கிய இடக்கையில் ஐந்து விரல்களும் கொழுகொழுவென்று இருந்தன.

“இது எங்கப்பா உடம்பு இல்லீங்களே.”

“மிலிட்டரின்னா கடையில இந்த உடம்புதாம்மா வச்சிருக்கான். போன மாசம் இன்னொருத்தருக்கும் இதையேதான் போட்டோம்,” என்றார் கவுன்சிலர். “சீக்கிரம் மாலையப் போடு, போட்டோ எடுக்கணும்.”

மாலையின் நாரை வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, அந்த இடக்கையின் கடைசி இரண்டு விரல்களையும் வெட்டினாள். புழுவை எடுப்பதுபோல அவற்றை நுனியில் பிடித்துக் கவுன்சிலரின் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டாள்.

“அடுத்தவருக்கு ஆகும். வச்சுக்குங்க.”

பிறகு பிளெக்ஸுக்கு முதுகைக் காட்டி, தன் சடை அந்தக் கையின் மிஞ்சிய விரல்களில் படும்படி, போட்டோவுக்கு அசையாமல் நின்றாள்.