தஸ்தகீர் சுற்றிய பூசணி

"நான்தாம்மா ஒடைச்சிட்டேன்" என்றார் ஆட்டோக்கார தஸ்தகீர்.

மணிமொழிக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அப்படி ஒரு நிமிஷத்தை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

நாலு நாள் உழைப்பு அது. கள்ளக்குறிச்சியில் ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, மகள் அபிநயா படிக்கிற பள்ளிக்கூடத்தில் மட்டும் இலையுதிர்காலம் வந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலேயே ஆளுக்கொரு அலங்காரக் குட்டிப் பூசணி செய்து கொண்டுவர வேண்டும். குழந்தை தன் கையாலேயே செய்ய வேண்டும். முதல் பரிசு உண்டு.

கான்வென்ட்டில் கைவேலைக்குப் பேர் வாங்கிய மணிமொழி, பள்ளிக்கூடம் அனுப்பிய சுற்றறிக்கையில் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் படித்தாள்.

புருஷன் சிவசங்கரை வெள்ளிமலைக்கு விரட்டி, உள்ளங்கையில் அடங்குகிற பூசணியாகப் பார்த்து வாங்கிவர வைத்தாள். மூன்று பூச்சு ஆரஞ்சு பெயின்ட். காம்புக்கு பிரியாணிப் பட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி இலை. அப்புறம் கண், மூக்கு, முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. அபிநயாவுக்குக் கிடைத்த வேலை, பசை டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

கீழே நாலு மிளகாயைக் கட்டினால் புது வீட்டு வாசலில் தொங்கவிடலாம் என்றான் சிவசங்கர். அன்றைக்கு அவனுக்கு வெறும் ரசம்தான்.

இன்று காலை அந்தப் பூசணியை மகள் மடியில் வைத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். மத்தியானம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் கண்காட்சி போட்டோ வந்தது. இருபத்தாறு பூசணி. பெரிசாக்கிப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள், அவளுடையது இல்லை. முதல் பரிசு யாரோ டாக்டர் பெண்டாட்டிக்கு. அதாவது, அவள் பிள்ளைக்கு.

நாலு மணிக்கு ஆட்டோ வந்ததும் மறித்தாள். ஒருநாளும் வண்டியை விட்டு இறங்காத தஸ்தகீர், தானே இறங்கி வந்து இப்படிச் சொல்கிறார்.

"ஒடைச்சீங்களா? எதுக்கு?"

"திருஷ்டிக்குங்க." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போன வாரம் ரெண்டு தபா பஞ்சர். கச்சிராயபாளையம் ரோட்ல ஒரு லாரிக்காரன் ஒரசினு போனான். பூசணில மூஞ்சி வரைஞ்சி இருந்துச்சா, வண்டிக்குத்தான் குடுத்தனுப்பிக்கிறீங்கன்னு சுத்திப் போட்டுட்டேன்."

"பாய், நீங்க எப்போலேருந்து பூசணி சுத்தறீங்க?"

"வண்டி பொதுங்களே. எல்லாப் புள்ளைங்களும்தான ஏறுது."

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிச் சுவரோரம் வந்து நின்றாள். கேட்க ஆள் இருந்தால் மணிமொழியின் நாக்கு இன்னும் ஒரு முழம் நீளும்.

எப்படிச் சுற்றினார் என்று விசாரித்தாள். தஸ்தகீர் யோசித்து யோசித்து, அஞ்சு சுற்று என்றார். அப்புறம் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினாராம்.

"அது எலுமிச்சம்பழம் பாய். பூசணிய முச்சந்தியில போட்டு ஒடைக்கணும். இத்தினி வருஷம் இந்த ஊர்ல இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"எனக்கு யாருங்க சொன்னாங்க?"

மாடியில் கொளஞ்சியம்மாள் சிரிப்பை அடக்க, காய்ந்த பாவாடையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மணிமொழி கான்வென்ட் இங்கிலீஷில் ஆரம்பித்துக் கள்ளக்குறிச்சியில் முடித்தாள். அவர் கண்ணாடியைத் திட்டினாள், ஹாரனைத் திட்டினாள், ஆறு மாசத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் லேட்டாக வந்ததைத் திட்டினாள். எல்லாவற்றுக்கும் ஆமாங்க, தப்புதாங்க என்றே நின்றார் மனுஷன். நடுவில் ஒரே ஒருதரம் அபிநயாவைப் பார்த்து, "மழ வருது, நீ உள்ள போ பாப்பா" என்றார்.

மழை வரவில்லை. அவளும் போகவில்லை.

"நாளைலேருந்து எம் பொண்ணுக்கு வேற ஆட்டோ பாத்துக்கறேன். நீங்க வராதீங்க."

தஸ்தகீரின் கை தொப்பியிலேயே நின்றது. மாசச் சவாரி; போனால் இன்னொன்று அவ்வளவு லேசில் கிடைக்காது. பிறகு, "சரிங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே வந்ததும் மணிமொழிக்குக் கோபமெல்லாம் சிரிப்பாகப் பொங்கியது. சிவசங்கருக்கு போன் போட்டாள். பாய் பூசணி சுற்றின கதையை, அஞ்சு சுற்றை, முன்சக்கரத்தை, கொளஞ்சியம்மாள் வாயில் போன பாவாடையை, ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தாள்.

அபிநயா ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தட்டில் வைத்த பஜ்ஜி அப்படியே இருந்தது.

"இன்னாடி மொறைக்கிற? நீயும் சிரி."

குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அங்கிள் ஒடைக்கலம்மா. ஸ்கூல் வாசல்ல எறங்கும்போது எங் கையிலேருந்து வுழுந்துடுச்சி. நான் அழுதுகினே இருந்தேன். அங்கிள்தான், உங்கம்மா திட்டினா நான் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல வுட்டுடுவேன் பாப்பா, உனக்குக் காது சின்னது, தாங்காதுன்னாரு."