முதலில் சாகும் கரடி

"சாஜித்தை டீம்லேர்ந்து எடுத்துரலாம்" என்றாள் ஹரிதா.

அழைப்பில் இருந்த மற்ற மூன்று பேரில் சாஜித்தும் ஒருவன்.

"என்னை வெச்சுட்டே சொல்றீங்களேங்க" என்று சிரித்தான்.

"முதுகுக்குப் பின்னாடி பேசற பழக்கம் எனக்கு இல்லைங்க."

ஞாயிறு மதியம் மூன்றரை. நாலு மணிக்கு ஆன்லைனில் போன் விளையாட்டு அரையிறுதி. ஜெயித்தால் சென்னையில் இறுதிப் போட்டி. அதற்காக மூன்று ஞாயிறாக ஹரிதா துணிகூடத் துவைக்கவில்லை.

காட்டுக்குள் நாலு பேருக்கு நாலு பேர் சண்டை. ஹரிதாவுக்கு வில், ஆல்வினுக்கு வாள், மதிவதனிக்கு வைத்தியம். சாஜித் உருமாறி. கரடி, சிறுத்தை, பருந்து என்று நினைத்தபடி மாறலாம். உருமாறிக்கு மூன்று திறன்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. எல்லோரும் சிறுத்தையின் நகத்தை எடுப்பார்கள். இவன் கரடியாகவே நிற்பான். எல்லோருக்கும் முன்னால் செத்தும் போவான்.

"கடைசி முப்பது ஆட்டத்துல இருபத்தெட்டுல முதல்ல செத்தது நீங்க. நான் ஒரு தடவைகூட சாகலை. இதுல கோவப்பட ஒண்ணுமில்லை, இருக்கறதைச் சொல்றேன்."

"கடையில நாள்பூரா திருப்புளி பிடிச்ச கைங்க. அசந்துபோயிருது." கோட்டைமேட்டில் அவனுக்கு மிக்ஸி ரிப்பேர் கடை.

"நாங்க மட்டும் அசரலையா? வாரம் பூரா அவிநாசி பஸ்ல நின்னுட்டே காலேஜுக்குப் போய்ட்டு வாரேன். வீட்டுக்குள்ள டவர் கிடைக்காம மொட்டைமாடியில, தண்ணித் தொட்டி ஓரமா உக்காந்து ஆடறேன். சாகறேனா?"

"லீடரம்மா கோர்ட்டு கூட்டியாச்சு" என்றான் ஆல்வின்.

"நீ சும்மா இரு. சாஜித், இன்னும் அரை மணி நேரம் இருக்கு. மூணு திறனையும் நகத்துக்கு மாத்துங்க. சிறுத்தையா வாங்க."

"ரெண்டை மாத்திப்போடறேனுங்க. மூணாவது இருக்கட்டும்."

"அது என்ன திறன்?"

"சின்னது ஒண்ணுங்க."

"சின்னதுன்னா மாத்தறதுக்கு என்ன கஷ்டம்?"

சாஜித்தின் பின்னால் ஏதோ மிக்ஸி உறுமி நின்றது. ஒருவர் தேர்ந்தெடுத்த திறனை இன்னொருவர் பார்க்க அந்த விளையாட்டில் வழியில்லை.

"அவசரப்படாதே அம்மணி" என்றாள் மதிவதனி. பொள்ளாச்சியில் கொப்பரை மண்டியில் வேலை பார்ப்பவள்; நாலு பேரில் மூத்தவள். "ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆட்டத்துக்கு ஆட்டம் நீ செத்துட்டு இருந்தே. ஆல்வின் உன்னை எடுக்கணும்னான். ரெண்டு மணி நேரம் சண்டை கட்டினியே, மறந்துட்டியா?"

"மறக்கலை மதியக்கா. பசங்க செத்தா நெட்டு போச்சும்பீங்க, பொண்ணு செத்தா ஆடத் தெரியலைம்பீங்களான்னு கேட்டேன். ஒரு வாரம் டைம் குடுத்தீங்க. அப்புறம் செத்தேனா? உழைச்சேன், கத்துக்கிட்டேன். இவர் கத்துக்கலை."

"அந்த ஒரு வாரத்தைக் கேட்டு வாங்கினதே சாஜித்துதான் புள்ள."

"நன்றி வேற, நியாயம் வேற. அடிக்கடி சாகறவங்க வெளியேன்னு சட்டம் போட்டது ஆல்வின். அது எனக்கு மட்டும் போட்ட சட்டமா?"

ஆல்வின் தொண்டையைச் செருமினான். மதிவதனி பெருமூச்சு விட்டாள். வாதாடி ஹரிதாவை ஜெயிக்கும் தெம்பு அந்த வெயிலில் யாருக்கும் இல்லை.

"விடுங்க மதியக்கா" என்றான் சாஜித். "எனக்கும் நாலு மிக்ஸி காத்துட்டு இருக்குது. ஹரிதா, ஒண்ணே ஒண்ணுங்க. இன்னைக்கு மரத்தை விட்டு வெளிய வராம ஆடுங்க."

"எனக்கு ஆடச் சொல்லித் தர்றீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. சும்மா சொன்னேன். வாரேனுங்க."

அவன் குரல் போய்விட்டது. ஹரிதா 'நீக்கு' என்பதை அழுத்தினாள். திரையில் நீளமாக ஏதோ அறிவிப்பு வந்தது. படிக்காமல் தள்ளிவிட்டு, ஆல்வினின் வகுப்புத் தோழன் கதிரைச் சேர்த்தாள். மூன்று திறனும் நகத்தில் போட்ட சிறுத்தை.

நாலு மணிக்குக் கொம்பு ஊதியது. ஹரிதா எப்போதும்போல மரத்தை விட்டு வெளியே வந்து வில்லை வளைத்தாள். படம் ஒரு நொடி உறைந்தது. எப்போதும் உறைவதுதான். மறுபடி அசைந்தபோது அவள் தரையில் கிடந்தாள்.

"லீடரம்மா, என்னாச்சுங்க?"

"நெட்டுடா."

அடுத்த சுற்றிலும் அம்பு விடுவதற்குள் படம் உறைந்தது. அதிலும் அவள்தான் முதலில் விழுந்தாள்.

"இன்னைக்குன்னு பார்த்தா டவர் போகோணும்?" என்றாள் மதிவதனி.

ஹரிதா திரையின் மூலையைப் பார்த்தாள். இரண்டு கோடு. ஆறு மாதமாக அதே இரண்டு கோடுதான்.

செத்தவருக்கு அடுத்த சுற்று வரைக்கும் வேலை இல்லை. சும்மா இருந்த விரல், தள்ளிவிட்ட அறிவிப்பைத் திறந்தது.

'சாஜித் உங்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய 'தாங்கும் தோல்' திறன் இனி உங்கள் அணிக்குக் கிடையாது. கடந்த ஆறு மாதங்களில் அவர் காத்த தோழர்: ஹரிதா. ஹரிதாவுக்கு விழ வேண்டியதைத் தன்மேல் வாங்கிக்கொண்ட அடிகள்: 4,316.'