ஆறு கைகள், ஒரு கிட்டார்

“அழுத்திப் பிடி! கையை எடுத்தே, போயே போச்சு!”

பின்னறையிலிருந்து வந்த தம்பியின் அலறலைக் கேட்டு, மாடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்த அக்கா படபடவென்று இறங்கி ஓடிவந்தாள். யாருக்கு என்ன ஆயிற்றோ, எங்கே ரத்தம் கொட்டுகிறதோ என்று அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

மேசைமேல் கிடந்தது ஒரு கிட்டார். மடியில் படுக்க வைத்து, கம்பிகளின்மேல் இரும்புத் துண்டை வழுக்கி வழுக்கி வாசிப்பார்களே, அந்த ஸ்டீல் கிட்டார். கம்பி இன்னும் பூட்டவில்லை. மேல்பலகை இப்போதுதான் ஏறியிருந்தது. அதன் ஒரு முனையைத் தம்பியும், இடுப்பு வளைவை ஒரு பக்கமாக அவன் மனைவியும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடப்பாவி, கட்டைக்கா இந்தக் கத்து கத்தினே?”

“அக்கா, அந்தப் பக்கம் தூக்குது பாரு. சட்டுனு பிடி! ரெண்டு மாச உழைப்பு, அக்கா!”

“இறுக்குற கிளாம்பெல்லாம் எங்கேங்க?” என்றாள் மனைவி.

“தச்சர் வாங்கிட்டுப் போயிட்டார். அக்கா, பிடிக்கா!”

அந்தப் பக்கம் என்றால் மனைவிக்கு நேர் எதிர். அக்கா தயங்கினாள். தன் மகள் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவளும் தம்பி மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாளைக் காலையில், அவள் கணவருக்கு மாற்றலான ஊருக்கு லாரி கிளம்புகிறது. இந்தக் கோபத்தோடு வண்டி ஏறினால், அப்புறம் அவள் இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை. அது மூன்று பேருக்குமே தெரியும்.

தம்பி மறுபடி அலறினான். அக்கா பிடித்தாள்.

“பசை காயுற வரைக்கும் யாரும் கையை எடுக்கக்கூடாது.”

“எவ்வளவு நேரம்டா?”

“நான் சொல்ற வரைக்கும்.”

இரண்டு பேரின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். ஒருத்தி கூரையைப் பார்த்தாள். மற்றவள் பலகை ஓரத்தை உற்றுப் பார்த்தாள்.

“எப்பவும் ஓரமெல்லாம் பசை பிதுங்கும், துணியும் கையுமா நிப்பேன். இன்னைக்கு ஒரு சொட்டு வழியல. கை தேறிடுச்சுங்க உங்களுக்கு,” என்றாள் மனைவி. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “உங்க அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க பக்கம் அழுத்தம் பத்தலையாம்.”

“டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவ பொறக்கறதுக்கு முன்னாடியே மாவு பிசைஞ்ச கைடா இது.”

“நான் தம் கட்டிட்டு இருக்கேன். பேசினா பிடி தளர்ந்துடும். என்னை விட்டுடுங்க,” என்று தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இத்தனை நாளும் இருவருக்கும் நடுவே தபால்காரன் அவன்தான். தபால் நின்றுபோயிற்று.

அந்த நேரம் பார்த்து அக்காவின் நெற்றி முடி ஒன்று நழுவி மூக்கின்மேல் விழுந்தது. தலையை ஆட்டினாள், உதட்டைச் சுழித்து ஊதினாள். முடி இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

“ஐயோ, தும்மல் வருதே… தும்மினா பலகை போச்சே!”

மனைவி முகத்தை முன்னே நீட்டி, கன்னம் உப்ப, ஓங்கி ஒரு ஊது ஊதினாள். முடி பறந்தது.

“ஏம்மா, என்னை என்ன அணைஞ்ச அடுப்புன்னு நினைச்சியா?”

“பின்னே எப்படி ஊதறதாம் அண்ணி, ராகம் போட்டா?”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த ‘அண்ணி’. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து இவளுக்கும். “சிரிக்காதீங்க, பலகை ஆடுது!” என்று தம்பி அதட்டவும் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

சிரித்து ஓய்ந்ததும் மனைவி கேட்டுவிட்டாள்.

“குடும்பப் போட்டோவுக்கு எல்லாரையும் நிறுத்தினீங்க. என்னை மட்டும் மறந்துட்டீங்கல்ல, அண்ணி?”

“மறந்தேனா! சாப்பாடு பத்தாமப் போயி, நீ சமையல்கட்டுல நின்னு என் மானத்தைக் காப்பாத்திட்டு இருந்தே. நீ வராம எடுக்கக்கூடாதுன்னு போட்டோக்காரரை நிறுத்தி வச்சு ஆள் அனுப்பினேன். உனக்கு வர நேரமில்லைன்னு பதில் வந்துச்சு. அதானே எனக்கு ஆங்காரம்!”

“என்கிட்ட யாரும் வரலையே! யாரை அனுப்பினீங்க?”

“எங்க வீட்டுக்காரரை.”

“அவரையா? அவர் என் பக்கத்துல நின்னு, ‘இன்னும் ஒரே ஒரு இனிப்பு குடும்மா’ன்னு கேட்டாரு. வேற ஒண்ணுமே கேக்கலையே!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வாயைத் துடைச்சிட்டு வந்து பொய் சொல்லியிருக்காரு மனுஷன்,” என்றாள் அக்கா. “வாடி மேலே. ரெண்டு பேருமாச் சேர்ந்து கேட்போம்.”

“போதும், கையை எடுக்கலாம்,” என்றான் தம்பி.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளோடு தோள் உரசியபடி இருவரும் மாடிப்படி ஏறினார்கள். சற்று நேரத்தில் மேலே இரண்டு குரல்களும் ஒரே சுருதியில் உயர்ந்தன. தலை தப்பினால் போதும் என்று அக்காவின் கணவர் இறங்கி ஓடிவந்து, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ரெண்டும் ஒண்ணு சேர்ந்துடுச்சு மச்சான். இனிமே என் பாடு திண்டாட்டம்தான்.”

மூச்சு வாங்கியபடி மேசையில் கை ஊன்றப் போனவர், கிட்டாரைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “அடடா, தொடலாமா? பசை காஞ்சிடுச்சா?”

மாடியில் இப்போது சிரிப்புச் சத்தம். தம்பி அதைக் கொஞ்ச நேரம் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றான்.

“பசை டப்பாவையே இன்னும் திறக்கல, அத்தான்.”