தங்க நிற வட்டம்

“அம்மா, நீங்க உட்காருங்க. உங்களைக் கேக்கும்போது பேசினாப் போதும்!”

கடல் திட்ட அதிகாரி சுள்ளென்று விழுந்தார். அன்றைய கூட்டத்தில் அவர் இப்படி விழுவது முதல் தடவையன்று.

சிறு படகுச் சங்கத் தலைவி உட்கார்ந்தார். சங்கத்தில் அவருக்குச் ‘சைரன்’ என்று பட்டப்பெயர். கரையில் நின்றபடியே கடலுக்குள் போன படகைத் திருப்பி அழைக்கக்கூடிய குரல். அப்பேர்ப்பட்ட குரலையும் ஓர் அரசாங்க நாற்காலி அமுக்கிவிட்டது.

மேசை முழுவதையும் மறைத்துக்கொண்டு கடலின் வரைபடம் விரிந்து கிடந்தது. எந்த நீரில் யார் என்ன செய்யலாம் என்று அதிகாரி வண்ணம் தீட்டிப் பங்கு பிரித்திருந்தார். கப்பல்களுக்கு நீலம். காற்றாலைகளுக்கு மஞ்சள். உல்லாசப் பயணிகளுக்குச் சிவப்பு. கரையை ஒட்டி ரிப்பனைப் போல ஒரு பச்சைப் பட்டை. அது சிறு படகுகளுக்கு.

அந்தப் பச்சைக்காகத்தான் தலைவி வந்திருந்தார். போன திட்டத்தில் அதில் பாதியைக் கப்பல், காற்றாலை, ஹோட்டல்காரர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டார்கள். மிச்சமும் போனால், துடுப்புப் படகுகள் பெருங்கப்பல்களின் நடுவே வலை வீசப் போகவேண்டும். இல்லையேல் வலையைச் சுருட்டிப் பரணில் போடவேண்டும்.

“இது என்ன சார், புதுசா இருக்கு?”

ஹோட்டல் முதலாளியின் விரல், பச்சையைத் தாண்டி, வரைபடத்தின் தூர மூலையில் போய் நின்றது. அங்கே ஒரு வட்டம் தங்க நிறத்தில் தகதகத்தது.

“அதுவா?” அதிகாரி இழுத்தார். “நெரிசலே இல்லாத பகுதி. அங்க கப்பல் நிக்கிறதில்லை, வலை விழறதில்லை, யாரும் குளிக்கிறதுமில்லை. யாருக்குன்னு இன்னும் முடிவு பண்ணலை. அதை விட்டுடுங்களேன்.”

விடுங்கள் என்றால் விடுகிற மனிதர்களா அவர்கள்?

“எங்க காற்றாலைக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கே சார்!” என்றார் காற்றாலை மேலாளர்.

“தம்பி, உங்க காத்தாடியை வேற எங்கயாவது வச்சுச் சுத்துங்க,” என்றார் கப்பல் கம்பெனி அம்மாள். “நிறுத்த இடமில்லாம எங்க கப்பலெல்லாம் வெளிக்கடல்ல தவம் கிடக்கு.”

“கப்பல் வந்தா எண்ணெய் மிதக்கும்மா!” ஹோட்டல் முதலாளி பதறினார். “என் விருந்தாளிங்க முங்கிக் குளிக்கவேண்டிய இடம் அது. நேத்துகூடப் படகுல போய்ப் பார்த்துட்டு வந்தேன். தண்ணி பன்னீரு சார், பன்னீரு!”

தலைவிக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

“ஐயா, அந்த இடத்தைப் பத்தி நான் ஒண்ணே ஒண்ணு...”

“உட்காருங்கன்னு சொன்னேன்!”

பக்கத்திலிருந்த நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணி, அடுத்து வெளியே போகச் சொல்லிடுவாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.”

“கடிச்சுக் கடிச்சு என் பல்லே தேஞ்சு போச்சுடி. அவங்க பேசினா ஆலோசனை, நான் பேசினா கூச்சலா?”

அதற்குள் மேசையில் யுத்தம் மூண்டிருந்தது. காற்றாலை மேலாளர் தம் தண்ணீர் பாட்டிலைத் தங்க வட்டத்தின் நடுவே நட்டார். கப்பல் அம்மாள் அதைத் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டை அங்கே நங்கூரமிட்டார். ஹோட்டல் முதலாளி, கூட்டின்மேல் கார்ச் சாவியை வைத்து, சாவியின்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

“போதும்!” அதிகாரி மேசையைத் தட்டினார். “ஒருத்தருக்குக் கொடுத்தா மத்த ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவீங்க. அதனால அந்த வட்டம் யாருக்குமே கிடையாது. மத்ததெல்லாம் வரைபடத்துல இருக்கிறபடி. என்ன சொல்றீங்க?”

மூவர் முகமும் வாடியது. பிறகு ஒவ்வொருவரும் மற்ற இருவரின் வாடிய முகத்தைப் பார்த்தார்கள். உடனே மலர்ந்தார்கள்.

“இவருக்கும் கிடையாதில்ல?”

“கிடையாது.”

“அந்தம்மாவுக்கும்?”

“கிடையாதுங்க.”

“அப்படின்னா எனக்குச் சம்மதம்!”

அதிகாரியின் மனம் மாறிவிடுமுன் மூவரும் முண்டியடித்துக் கையெழுத்திட்டார்கள். வெற்றி பெற்றவர்களைப் போலக் கைகுலுக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

அறை காலியானதும் சைரன் ஒலித்தது.

“நான் என்ன உங்களுக்குக் கிள்ளுக்கீரையா ஐயா? அந்த மூணு பேரையும் மேசை மேல ஏறாத குறையாப் பேச விடுவீங்க, எனக்கு மட்டும் வாய்ப்பூட்டா? ஊர்ச் சாக்கடை மொத்தமும் குழாய் வழியா வந்து விழற இடம் ஐயா அது! மீனே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது! அதுல போய் முங்கப் போறாங்களேன்னு பாவப்பட்டுத்தானே எழுந்தேன்?”

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தெரியும்மா. அந்தக் குழாய்க்கு இடம் காட்டினதே எங்க ஆபீஸ்தான்.”

“தெரிஞ்சுமா அதுக்குத் தங்கக் கலரு அடிச்சீங்க?”

“ஆபீஸ்ல அந்தக் கலர் இல்லை. வீட்டுல சின்னப் பொண்ணோட பென்சிலை எடுத்துட்டு வந்தேன்.” அதிகாரி வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். “அது சாக்கடைன்னு நீங்க சொல்லியிருந்தா, மூணு பேரும் அதை விட்டுட்டு அடுத்து எது மேல பாஞ்சிருப்பாங்க?”

தலைவி குனிந்து பார்த்தார். கரையை ஒட்டிய பச்சைப் பட்டை, ஓர் இழைகூடக் குறையாமல், மூன்று கையெழுத்துகளோடு பத்திரமாக இருந்தது.

வாழ்க்கையில் முதன்முறையாகச் சைரன் கிசுகிசுத்தது:

“ஐயா... அடுத்த கூட்டத்துல அந்த இடத்தைக் கேட்டு நானும் கொஞ்சம் அழட்டுமா?”