விழாத சோறு

"எழுதியவர், பெங்களூர் ரெமிஜியஸ்" என்று ரேடியோ சொன்னதும் வீடே கை தட்டியது. ரெமிஜியஸ் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல விட்டத்தைப் பார்த்தான்.

ரஷ்யாக்காரர்கள் ராக்கெட்டில் நாயை அனுப்பிய மறு வருஷம் அது. விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டரான ரெமிஜியஸ், தமிழன் ஒருவன் சந்திரனுக்குப் போவதாக நாடகம் எழுதியிருந்தான். அவன் கையெழுத்தோ கோழிக் கிறுக்கல். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நல்ல காகிதத்தில் காப்பி எடுத்து, தபாலிலும் சேர்த்தவள் அவன் மனைவி பிலோமினாதான்.

மர்ஃபி டவுனில் அந்த வீட்டு வரிசையிலேயே ரேடியோ இருந்தது அவன் வீட்டில் மட்டும். காலையில் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான். பக்கத்து வீட்டு வெங்கடசாமி, அவர் மனைவி சந்திரம்மா என்று பதினைந்து பேர் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பாகிட்ட குடுடி" என்று பிலோமினா காபி டம்ளரை மகளிடம் நீட்டினாள்.

ரேடியோவில் ராக்கெட் உஸ்ஸென்று கிளம்பியது. அதோடு சரி. அடுத்து எரிகல் மழை வர வேண்டும், வரவில்லை. கேப்டன் சாப்பிட உட்கார்ந்து, "உப்பு எங்கடி?" என்று கத்தினான். தட்டு ஒன்று டணாரென்று சுவரில் மோதியது.

ரெமிஜியஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் எழுதிய கேப்டனுக்குக் கல்யாணமே ஆகவில்லை!

"இன்னா சார், நிலாவுக்குப் போயும் உப்புச் சண்டையா?" என்றார் வெங்கடசாமி. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"ராக்கெட்டு எப்போ எறங்கும்?" என்று கொட்டாவி விட்டாள் சந்திரம்மா.

ராக்கெட் இறங்குகிற வழியாக இல்லை. கேப்டனின் மனைவி அவனோடு பேசுவதில்லையாம். எதுவானாலும் மகளிடம்தான் சொல்லி அனுப்புவாளாம்.

"உங்கப்பாகிட்ட சொல்லும்மா, இங்கே எறிஞ்ச சோறு கீழே விழாது. பூமியிலேன்னா விழும். நான் தொடைச்சுடுவேன், வெளியே தெரியாது. இங்கே அது கண்ணு முன்னாலேயே மிதக்குது. வரவங்க போறவங்க எல்லாரும் பாப்பாங்க."

அவன் எழுதியதில் மிதந்தது ஒரு பேனா.

சிரிப்பு நின்றுவிட்டது. சந்திரம்மா மெதுவாகத் திரும்பி, எத்தனை சுண்ணாம்பு அடித்தும் போகாத குழம்புக் கறையைச் சுவரில் பார்த்தாள். பிறகு காபி டம்ளரோடு நின்ற மகளைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மற்றவர்களும் பார்த்தார்கள்.

ரெமிஜியஸ் கூனிக் குறுகிப் போனான். வெங்கடசாமி வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்; இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரேடியோவை நிறுத்திவிடலாமென்றால், அதுவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

நாடகம் முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. "வரோம் சார்" என்று வெங்கடசாமி அவன் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்.

கதவைச் சாத்தியதும் ரெமிஜியஸ் வெடித்தான். "ரேடியோ ஸ்டேஷன்காரனுங்க என் கதையைத் தூக்கிப் போட்டுட்டு, என் மானத்தை வாங்கிட்டானுங்க! தலைப்பைத் தவிர ஒரு வரி என்னுது இல்ல. எவனோ நம்ம வீட்டு விஷயத்தை அங்க போய் வத்தி வெச்சிருக்கான். இப்பவே பெட்டிஷன் எழுதறேன். எடு காகிதத்தை!"

பிலோமினா காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பக்கம் கிறுக்கி, "இந்தா, நல்லா காப்பி பண்ணு" என்று அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, மகளைக் கூப்பிடாமல், நேராக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அவங்க ஒரு எழுத்துகூட மாத்தலீங்க. அதையும் நான்தானே காப்பி பண்ணினேன்?"